தொண்டை அடைப்பான்: அட்டையில் இருக்கும் ஊசி ரத்தத்தில் இருக்கிறதா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளோடு பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். கோவிட் காலத்தில் ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்த்ததிலிருந்து, "இதேமாதிரி மற்ற நோய்களுக்கும் பார்ப்பார்களா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பார்ப்பார்கள். தொண்டை அடைப்பானுக்கு, அதாவது டிப்தீரியாவுக்கு, அது நூறு வருஷத்துப் பழக்கம். பஸ்ஸில், கல்யாண வீட்டில், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஓரிரண்டு நானே எனக்குக் கேட்டுக்கொண்டவை.

தொண்டை அடைப்பான் என்பது தொண்டை வலிதானே? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

தொண்டை வலியாகத்தான் ஆரம்பிக்கும். கிருமி தொற்றி இரண்டு முதல் ஐந்து நாளில் லேசான காய்ச்சல், விழுங்கினால் வலி. அப்புறம் உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படரும். சுரண்டினால் ரத்தம் கசியும். படலம் மூச்சுக்குழாய் வரை இறங்கினால் மூச்சு அடைக்கும்; பெயர் வந்தது அப்படித்தான். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கிக் காளைக் கழுத்து மாதிரி ஆகிவிடுவதும் உண்டு.

ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அடைப்பு மட்டுமில்லை. கோரினிபாக்டீரியம் டிப்தீரியே என்ற இந்தக் கிருமி தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு ரத்தத்தில் கலந்து இதயத் தசையையும் நரம்பையும் தாக்குகிறது. படலம் மறைந்து, பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட பிறகு, இரண்டாவது வாரத்தில் இதயம் நின்றுபோன கதைகள் பழைய டாக்டர்களிடம் இருக்கும். சிகிச்சை கொடுத்தும்கூட நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இறக்கிற நோய் இது.

எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போட்டாயிற்று. நர்ஸம்மா பதிவேட்டிலும் இருக்கிறது. பிறகு ரத்தம் எதற்கு?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பதிவேடு சொல்வது, எத்தனை ஊசி போடப்பட்டது என்பதை. எத்தனை பேர் உடம்பில் இன்றைக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பதை ரத்தம்தான் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படலாம், இருப்பதில்லை.

நம் அட்டவணை இது: ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று பென்டா ஊசி (தொண்டை அடைப்பான் உட்பட ஐந்து நோய்க்கு). ஒன்றரை வயதை ஒட்டி ஒரு முத்தடுப்பு ஊசி, ஐந்து வயது தாண்டியதும் இன்னொன்று. பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் புது டிடி (பழைய டிடி வேறு; கீழே சொல்கிறேன்). முதல் மூன்றை நம் ஊர்த் தாய்மார் தவறவிடுவது அபூர்வம். புதன்கிழமை ஆனால் துணை சுகாதார நிலைய வாசலில் வரிசையே அதற்குச் சாட்சி. ஒன்றரை வயசு ஊசியும் பெரும்பாலும் போய்விடும். அட்டை தொலைவது அதற்குப் பிறகுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அது அலமாரியில் பழைய பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடுகிறது. ஐந்து வயசு ஊசியை "போட்டமாதிரிதான் இருக்கு" என்பார்கள். 10, 16 வயது ஊசி நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது கொடை விழாவுக்கு ஆச்சி ஊருக்குப் போயிருக்கும்.

போட்ட ஊசியே வேலை செய்யாமல் போவதும் உண்டு. நம் ஊர் வெயிலைப் பார்த்து மருந்து கெட்டுவிடுமோ என்று எல்லாரும் பயப்படுகிறோம். இந்த மருந்துக்கு வெயிலைவிட மோசமான எதிரி ஐஸ். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டியது. உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும், திரும்ப உருகினாலும் வராது. குப்பி மேல் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் வில்லை சூட்டைக் காட்டிக்கொடுக்கும், உறைந்ததைக் காட்டாது. அதற்குக் குப்பியைக் குலுக்கி வைத்து, வண்டல் எவ்வளவு வேகமாக அடியில் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல மருந்தா, உறைந்த மருந்தா என்பது பதிவேட்டில் ஏறாது. அதே டிக்தான் விழும்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறீர்கள்? கிருமியையா?

இல்லை. கிருமி பெரும்பாலும் ரத்தத்துக்கு வருவதில்லை. நாங்கள் தேடுவது அதன் நஞ்சைப் பிடித்து மடக்கும் எதிர்ப்பொருளை.

1890-ல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் கண்டது இதைத்தான்: நஞ்சுக்குப் பழகிய விலங்கின் ரத்த நீரை எடுத்து வேறொரு விலங்குக்குக் கொடுத்தால் அதுவும் பிழைத்துக்கொள்கிறது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901-ல், பேரிங்குக்குப் போனது இதற்காகத்தான். பிறகு 1920-களில் பிரான்சில் ரமோன் என்பவர் நஞ்சை ஃபார்மலினில் ஊறவைத்து, பல் பிடுங்கிய பாம்பு மாதிரி ஆக்கினார். உருவம் அப்படியே இருக்கும், கடிக்காது. இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்குப் போடும் ஊசியில் இருப்பது அந்தப் பல் பிடுங்கிய நஞ்சுதான்.

0.01, 0.1 என்று எண்கள் சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஒரு மில்லி ரத்த நீரில் எத்தனை சர்வதேச அலகு எதிர்ப்பொருள் என்ற கணக்கு. பொதுவாகப் பின்பற்றும் கோடுகள் இவை:

0.01-க்குக் கீழே: பாதுகாப்பு இல்லை.
0.01 முதல் 0.1 வரை: ஓரளவு உண்டு, நம்பி இருக்க முடியாது.
0.1-ம் அதற்கு மேலும்: முழுப் பாதுகாப்பு.
1.0-க்கு மேல்: பல வருஷம் தாங்கும்.

கோடு என்றால் கோர்ட்டு அளந்து கல் நட்ட வரப்பு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். 0.09 உள்ளவர் படுத்துவிடுவார், 0.11 உள்ளவர் தப்பிப்பார் என்று இல்லை. கொஞ்சம் எதிர்ப்பொருள் இருந்தும் நோய் கண்டவர்கள் உண்டு. நோய் வந்தாலும் அவர்களுக்குக் கடுமை குறைவு.

"உடம்புக்கு ஞாபகம் இருக்குமே, கிருமி வந்தால் அப்போது எதிர்ப்பொருள் சுரந்துகொள்ளாதா?" என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் கேட்டார். நல்ல கேள்வி. சுரக்கும். அதற்குச் சில நாள் பிடிக்கும். இந்த நஞ்சின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே நுழைந்தால் போதும், அந்தச் செல் புரதம் செய்வதை நிறுத்திச் செத்துவிடும். நுழைந்த நஞ்சை எதிர்ப்பொருளால் வெளியே இழுக்க முடியாது. வாசலிலேயே மறிக்க வேண்டும். ஆகவே, இந்த நோய்க்கு இன்றைய தேதியில் ரத்தத்தில் எவ்வளவு கையிருப்பு என்பதே முக்கியம்.

எப்படித்தான் அளக்கிறீர்கள்?

முதலில் ரத்தமே எடுக்காமல் பார்த்தார்கள். 1913-ல் பேலா ஷிக் என்ற குழந்தை மருத்துவர் ஒரு வழி சொன்னார். மிகச் சொற்ப நஞ்சை முன்கைத் தோலுக்குள் ஏற்றி, நாலைந்து நாள் கழித்துப் பார்ப்பது. எதிர்ப்பொருள் இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் அந்த இடம் சிவந்து தடிக்கும். மற்றக் கையில் சூடாக்கி நஞ்சு போக்கிய மருந்தை ஏற்றி ஒப்பிடுவார்கள். வீடு வீடாகக் கையை நீட்டச் சொல்லி ஊரையே அளந்துவிடலாம். ஆனால் இரண்டு தடவை போக வேண்டும். விடை ஆம் அல்லது இல்லைதான், எண் கிடைக்காது. அந்த முறை இப்போது வழக்கொழிந்துவிட்டது.

இன்று தங்கத்துக்கு உரைகல் மாதிரி இருப்பது நஞ்சு முறிக்கும் சோதனை. 1962-ல் ஜப்பானில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த வீரோ என்ற செல் வகை ஒன்று உண்டு. தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. பணியாரச் சட்டியைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். ரத்த நீரைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று நீர்த்துக் குழிகளில் விடுவோம். எல்லாவற்றிலும் ஒரே அளவு நஞ்சு. பிறகு செல்கள். ஐந்தாறு நாள் சூட்டுப் பெட்டியில் வைப்போம்.

எதிர்ப்பொருள் நஞ்சை முறித்த குழியில் செல் உயிரோடு இருக்கும், தின்னும், அமிலம் விடும், சிவப்புத் திரவம் மஞ்சளாகும். முறிக்காத குழியில் செல் செத்துவிடும், திரவம் சிவப்பாகவே கிடக்கும். எந்தக் குழி வரை மஞ்சள் போயிருக்கிறது என்று எண்ணி, அளவு தெரிந்த ஒரு மாதிரியோடு ஒப்பிட்டால் எண் வந்துவிடும். நல்ல சோதனை. ஆனால் செல்லை வளர்ப்பது மாடு வளர்ப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமையும் தீனி கேட்கும். பூஞ்சை விழுந்தால் ஒரு வாரப் பாடு சாக்கடைக்குப் போகும்.

அதனால் ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டியபோது எலிசா என்ற வேகமான சோதனைக்குப் போகிறார்கள். அதே மாதிரித் தட்டு. குழியின் அடியில் பல் பிடுங்கிய நஞ்சைப் பூசியிருக்கும். ரத்த நீரை விட்டால் எதிர்ப்பொருள் அதில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு நிறம் கொடுக்கும் நொதியைச் சேர்த்தால், எவ்வளவு ஒட்டியதோ அவ்வளவு நிறம். காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் எலிசாவே போதாதா?

மேல்மட்டத்தில் போதும். அடிமட்டத்தில்தான் சிக்கல். எலிசா ஒட்டியதை எண்ணுகிறது, முறித்ததை எண்ணவில்லை. நஞ்சின் மேல் ஒட்டியும் அதை அடக்க வக்கில்லாத எதிர்ப்பொருள்கள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் திருடன் சட்டையைப் பிடித்துக்கொண்டே கூட ஓடுகிறவன் மாதிரி. 0.1-க்குக் கீழே போகப் போக எலிசா சொல்வதும் வீரோ செல் சொல்வதும் விலகும். நமக்குச் சந்தேகமே அந்த 0.01-க்கும் 0.1-க்கும் நடுவில் உள்ளவர்கள் மேல்தான், அங்கேதான் கருவி தடுமாறுகிறது.

நல்ல ஆய்வில் எலிசாவில் எல்லாரையும் பார்த்துவிட்டு, தாழ்வாக வந்தவர்களில் ஒரு பங்கை முறிப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு அறிக்கையைப் படித்தால் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியை. அது இல்லையென்றால் "சிறிதளவு பாதுகாப்பு உள்ளவர் இத்தனை சதவீதம்" என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் பார்ப்பேன்.

ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கிளறிய பானைக்குத்தான் அது செல்லும். திருநெல்வேலிச் சீமை கிளறிய பானையா? அம்பாசமுத்திரத்து வயல்காடு ஒன்று, நாங்குநேரி மானாவாரி ஒன்று, உவரிக் கடற்கரை ஒன்று, மேலப்பாளையத்து நெருக்கமான தெருக்கள் ஒன்று. ஊசி சென்று சேரும் விதமும் ஒவ்வொன்றிலும் வேறு.

கணக்கு இப்படி: நூற்றுக்கு 80 பேருக்குப் பாதுகாப்பு இருக்கும் என்று எதிர்பார்த்து, விடை ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை என்றால், ஜனத்தொகை முழுவதிலிருந்தும் சீட்டுக் குலுக்கி எடுத்தால் 246 பேர் போதும். ஆனால் அப்படிச் சீமை முழுக்க ஆளுக்கு ஆள் தேடிப் போக முடியாது. சில ஊர்களைக் குலுக்கி எடுத்து, அந்த ஊருக்குள் சிலரை எடுப்போம். ஒரே தெருவில் உள்ளவர்கள் ஒரேமாதிரி இருப்பார்கள், அதனால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 492. இது ஒரு வயதுப் பிரிவுக்கு. சின்னப் பிள்ளைகள், பள்ளிப் பிள்ளைகள், இளைஞர்கள், நாற்பது தாண்டியவர்கள் என்று தனித்தனியாக விடை வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு.

எண்ணைவிடப் பெரிய தலைவலி யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பது. காலை பதினொரு மணிக்கு முக்கூடல் பக்கம் போனால் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும், திண்ணையில் தாத்தாக்களும் கிடைப்பார்கள். ஆண்கள்? கடற்கரை ஊரில் கடலில் இருப்பார்கள் அல்லது கரைக்கு வந்து அசந்து தூங்குவார்கள். உள்ளூர் ஆண்களில் பாதிப் பேர் சென்னையில் பலசரக்குக் கடையில், மும்பையில், வளைகுடாவில். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வந்து ஆறு மாதம் தங்கிப் போகிறவர்கள் எந்த வீட்டுப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். ஊசி தவறியிருக்க அதிக வாய்ப்புள்ள பிள்ளைகள் அவர்களுடையவைதான். சௌகரியமாகக் கிடைத்தவர்களிடம் ரத்தம் எடுத்தால் சௌகரியமான விடைதான் வரும். சாயங்காலம் ஒரு நடை, ஞாயிறு ஒரு நடை போகாத ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

"சராசரி எதிர்ப்பு 0.3, நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. நம் பக்கத்தில் தினமும் பேப்பரில் முதலில் பார்ப்பது அணை மட்டம். பாபநாசம் 143 அடி கொள்ளளவில் நிரம்பி வழிகிறது, 118 அடி மணிமுத்தாறு தரை தெரியக் கிடக்கிறது என்று வையுங்கள். இரண்டின் சராசரியைச் சொல்லி, மணிமுத்தாற்றுக் கால்வாயை நம்பியிருப்பவரை நாற்றுப் பாவச் சொன்னால் மண்வெட்டியோடு வருவார்.

ரத்தத்திலும் அதேதான். பத்துப் பேரில் ஒருவருக்கு 3.0, மற்ற ஒன்பது பேருக்கும் 0.005. கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.3 வருகிறது. ஒன்பது பேர் வெட்டவெளியில் நிற்கிறார்கள். அதனால் பெருக்குச் சராசரி என்று ஒன்றைப் போடுவார்கள்; எண்களைக் கூட்டி வகுக்காமல், பெருக்கி மூலம் எடுப்பது. இதே பத்துப் பேருக்கு அது 0.01-ஐக்கூடத் தொடாது. அதைவிட நேர்மையானது, எந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று வயதுவாரியாகச் சொல்லிவிடுவது.

பெரியவர்களுக்கு ஏன் குறைந்துபோகிறது? எங்கள் ஆச்சி ஒரு ஊசிகூடப் போட்டதில்லை, எண்பது வயதிலும் திடமாக இருக்கிறாளே.

ஆச்சிக்கு ஊசி போட்டது மண்ணும் சிரங்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தக் கிருமி தொண்டையில் மட்டுமில்லை, தோல் புண்ணிலும் வாழும். வெப்பமான நாடுகளில், செருப்பில்லாமல் திரிந்த பிள்ளைகளின் கால் புண்ணில் இது குடியிருக்கும்; அங்கிருந்து மெதுவாகக் கசியும் நஞ்சுக்கு உடம்பு பழகிக்கொள்ளும். தொண்டைக்கு வருவதற்கு முன்பே எதிர்ப்பொருள் தயார். வயது ஏற ஏறக் கிருமி அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும், கையிருப்பு கூடும். அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆச்சியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், தங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு தடுப்பூசி பரவலானது. நாடு தழுவிய திட்டம் 1978-ல் தொடங்கி 1985-ல் விரிவானது. கிருமியின் நடமாட்டம் சுருங்கியது. நல்லதுதான். ஆனால் ஊசியில் கிடைத்த கையிருப்பு வருஷத்துக்கு வருஷம் வடியும். கிருமி வந்து நிரப்புவதும் நின்றுவிட்டது. சின்ன வயதில் மூன்று ஊசியோடு நிறுத்திக்கொண்டவர் முப்பது வயதில் வறண்ட குளமாக இருக்கலாம். நோயின் வயதே மாறிவிட்டது. 1990-களில் சோவியத் யூனியன் உடைந்த நாடுகளில் இந்த நோய் வெடித்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வந்து, சுமார் 5,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி பதினைந்து வயதைத் தாண்டியவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆரியங்காவுக் கணவாய் தாண்டினால் கேரளம். 2016-ல் மலப்புரத்தில் பிள்ளைகள் இறந்தார்கள்.

நான் டிடி ஊசி நிறையப் போட்டிருக்கிறேனே. அது போதாதா?

இங்கேதான் நம் தமிழ் நம்மைக் கவிழ்க்கிறது. ஆணி குத்தினால், சைக்கிளிலிருந்து விழுந்தால், அரிவாள் பட்டால் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டோமே, அந்தப் பழைய டிடி ரண ஜன்னிக்கு மட்டும். அதில் தொண்டை அடைப்பானுக்கு ஒன்றும் இல்லை. இப்போது அதற்குப் பதிலாக அரசு கொடுக்கும் ஊசியில் ரண ஜன்னியோடு, குறைந்த அளவில் தொண்டை அடைப்பான் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதன் பெயரும் நம் வாயில் டிடிதான்! ஆங்கில எழுத்தில் இரண்டாவது எழுத்து மட்டும் வேறு; தமிழில் எழுதினால் அண்ணன் தம்பி வித்தியாசம்கூடத் தெரியாது.

ரத்தத்தில் இது பளிச்சென்று தெரியும். ஒரே மாதிரியில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பார்த்தால், முந்தையது மேலே, பிந்தையது கீழே. பார்த்தவுடனே சொல்லிவிடலாம், இவர் பழைய டிடி ஆள் என்று. இனிமேல் போடும்போது "புது டிடியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இப்படிப் பார்த்திருக்கிறார்களா? என்ன தெரிந்தது?

பார்த்திருக்கிறார்கள். 2017, 2018-ல் டெங்குவுக்காகப் பதினைந்து மாநிலங்களில் எடுத்து வைத்த ரத்தத்தில், 5 முதல் 17 வயது வரை உள்ள எட்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் மாதிரியைத் திரும்ப எடுத்துத் தொண்டை அடைப்பானுக்குச் சோதித்தார்கள். பத்தில் மூன்று பேருக்குத்தான் முழுப் பாதுகாப்பு. ஆறு பேர் நடுவில், அந்த ஓரளவு வரிசையில். ஒருவருக்குச் சுத்தமாக இல்லை. தெற்கு மாநிலங்களில் சுத்தமாக இல்லாதவர்கள் குறைவு, வடகிழக்கில் அதிகம்.

தெற்கு பரவாயில்லை என்றதும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். நடுவில் இருக்கும் அந்த ஆறு பேர் யார் என்று யோசியுங்கள். ஐந்து வயசு ஊசியும் பத்து வயசு ஊசியும் தவறியவர்கள் அவர்களில் நிறைய இருப்பார்கள். இன்னும் பத்து வருஷத்தில் கையிருப்பு வடிந்து கீழே இறங்கப்போவதும் அவர்களே.

எதிர்ப்பொருள் இருந்தால் கிருமி தொற்றாதா?

தொற்றலாம். ஊசி நஞ்சைத்தான் தடுக்கிறது. கிருமி தொண்டையில் வந்து உட்காருவதை முழுக்கத் தடுக்காது. உங்களுக்கு ஒன்றும் செய்யாமல் பக்கத்து வீட்டுக்குப் போகலாம். ஊசி போட்டவரிடமிருந்து பரவுவது குறைவு, அவ்வளவே. பிள்ளைகளில் நூற்றுக்கு 90, பெரியவர்களில் 75 பேருக்காவது குறைந்தபட்சப் பாதுகாப்பு இருந்தால் ஊர் தாங்கும் என்று சொல்வதுண்டு.

அப்படியானால் நானே லேப்பில் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேனே?

வேண்டாம். ஊரை அளப்பதற்கான கோல் இது. எண் என்ன வந்தாலும் கடைசியில் சொல்லப்போவது "ஊசி போட்டுக்கொள்ளுங்கள்" என்பதைத்தான். அதை நேரடியாகவே செய்துவிடலாம்.

தொண்டை அடைப்பான் என்று சந்தேகப்படுபவருக்கு இந்தச் சோதனை உதவுமா?

நோயைக் கண்டுபிடிக்க உதவாது. அதற்குத் தொண்டைச் சளியைப் பஞ்சில் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. அதன் விடைக்கும் காத்திருக்காமல், டாக்டர் சந்தேகப்பட்ட உடனே குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த நச்சுமுறி மருந்தையும் பென்சிலினையும் ஆரம்பிப்பார். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. கூட இருந்தவர்களுக்கும் மாத்திரை, ஊசி உண்டு.

கைக்குழந்தையிடமும் ரத்தம் எடுப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. முதல் சில மாதம் குழந்தை ரத்தத்தில் இருப்பது தாய் கொடுத்த சீதனம். அதைச் சோதித்தால் அம்மாவைச் சோதித்ததாகத்தான் ஆகும். கர்ப்பிணிகளுக்குப் புது டிடி போடுவதில் இந்த லாபமும் உண்டு.

பிள்ளையிடம் எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? சம்மதம் கேட்பார்களா?

ஒரு டீஸ்பூனுக்குள். சில ஆய்வுகளில் விரல் நுனியில் குத்தி வடிதாளில் நாலு சொட்டு. அதைக் காயவைத்துத் தபாலில்கூட அனுப்பலாம். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எடுக்கக் கூடாது, பிள்ளையிடமும் கேட்க வேண்டும். குழாயில் பெயர் இருக்காது, எண்தான். மிச்ச ரத்தத்தைப் பின்னால் வேறு நோய்க்குப் பார்க்கலாமா என்று படிவத்தில் தனியாக ஒரு வரி இருக்கும். வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விருப்பமில்லை என்றால் அடித்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

நான் பீடி சுற்றுகிறவள், வயது 45. பெரியவர்களும் புது டிடி போடலாமா? கை வலிக்குமாமே?

போடலாம். பெரியவர்களுக்கென்றே தொண்டை அடைப்பான் மருந்தின் அளவைக் குறைத்துச் செய்தது அது. சின்ன வயதில் ஊசியே போடாதவர் என்றால் ஒன்றோடு நிற்காது, இடைவெளி விட்டு மூன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், தாயி. மேல்கையில்தான் போடுவார்கள். ஒன்றிரண்டு நாள் வலி இருக்கும், கொஞ்சம் வீங்கவும் செய்யும். இலை வெட்டும் கத்தரிக்கோலைப் பிடிக்கிற கையை விட்டுவிட்டு மற்றக் கையைக் காட்டுங்கள். கடையில் கட்டு ஒப்படைக்கிற நாளுக்கு முந்தின நாள் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம்.